கடைத்தெரு மூடும்போது யாரைக் கணக்கில் எடுக்கிறார்கள்?

பொருளாதார மந்தம் என்ற பேச்சு எழுந்ததும் பத்திரிகைகள் போடுகிற முதல் படம் இறக்கிவிட்ட ஷட்டர். அதன் முன்னால் கடைக்காரர் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். அவருடைய துயரம் பொய்யில்லை. ஆனால் அந்தப் படத்துக்குள் வராதவர்கள் உண்டு. அதே கடையின் திண்ணையோரத்தில் செருப்புத் தைத்தவர், விடியற்காலையில் லாரியிலிருந்து மூட்டை இறக்கியவர், வாசலைக் கூட்டி மாதக் கூலி வாங்கிய அம்மா, மாலையில் வாசலுக்கு எதிரே கூடை வைத்து வேர்க்கடலை விற்றவர். கடை மூடினால் கடைக்காரர் கடையை இழக்கிறார். இவர்களுக்கு இழப்பதற்குக் கடை இருந்ததே இல்லை. அதனால் இவர்கள் இழந்தது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

குறிஞ்சிப்பாடி கடைத்தெருவை வைத்துத்தான் இதைப் பேசப்போகிறோம். நெய்வேலி நிலக்கரி நகரத்துக்கும் கடலூருக்கும் நடுவில், வடலூரை அடுத்து இருக்கும் தறிக்காரர் ஊர் இது. கைத்தறி, கைலி, ரயில் நிலையம், தாலுகா அலுவலகம், சுற்றுக் கிராமங்களின் சந்தை. 2011 கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்ட மக்களில் சுமார் 29 விழுக்காடு பட்டியல் சாதியினர். மாநில அளவில் இது 20 விழுக்காடு. அப்படியானால் இந்த மாவட்டத்தின் எந்தக் கடைத்தெருவிலும் மூன்று, நான்கு கடைக்கு ஒன்று நம்முடையதாக இருக்கவேண்டும். தோழர்கள் அடுத்த முறை பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பெயர்ப்பலகைகளை எண்ணிப் பாருங்கள். ஐந்து விரல் போதும்.

இது நம் மாவட்டத்தின் குறை மட்டுமல்ல. 2005 பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்து லட்சுமி ஐயர், தருண் கன்னா, அசுதோஷ் வர்ஷ்னி ஆகிய மூவரும் செய்த ஆய்வில், இந்தியாவில் பட்டியல் சாதியினர் கையில் இருந்த தொழில் நிறுவனங்கள் 9.8 விழுக்காடு. மக்கள்தொகையில் அவர்கள் 16.4 விழுக்காடு. இந்த 9.8-லும் பெரும்பகுதி ஒற்றை ஆள் நடத்துகிற சிறு தொழில்.

ஏன் இப்படி என்று கேட்டால் "முதல் இல்லை, படிப்பு இல்லை" என்பார்கள். அது பாதிப் பதில். கடைத்தெருவுக்குள் காலெடுத்து வைப்பதே நமக்கு ஒரு சட்டப் போராட்டமாக இருந்தது. 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் பேரில்தான், பொதுத் தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம், மக்கள் கூடும் இடம் எதிலும் யாரையும் தடுக்கக்கூடாது என்று அரசாணை வந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு அனுமதி மறுக்கக்கூடாத இடங்களைப் பட்டியலிடும்போது, முதல் சொல்லே கடைகள்தான். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இந்தப் பிரிவு விவாதத்துக்கு வந்தது. கடை என்றால் எதுவரைக்கும் என்று கேள்வி எழுந்தபோது, சேவை தருகிற எந்த இடமும் அதில் அடங்கும், சலவைக்கடையும் முடிதிருத்தும் கடையும் அதற்குள் வரும் என்று அம்பேத்கர் விளக்கினார். இரட்டைக் குவளையையும் சலூன் மறுப்பையும் பார்த்த நமக்கு அந்த விளக்கத்தின் எடை தெரியும்.

ஆனால் கவனியுங்கள். இவை எல்லாம் வாங்கப் போகும் உரிமை. விற்க உட்காரும் உரிமையைச் சட்டம் தடுக்கவில்லை, சாதி தடுத்தது. நம் கையால் டீ வாங்கிக் குடிக்க ஆள் வேண்டுமே! கோலாப்பூரில் கங்காராம் காம்ப்ளே என்ற மகர் சாதிக்காரர் டீக்கடை திறந்தபோது யாரும் அங்கே போகவில்லை. அரசர் சாகு மகராஜ் தன் வண்டியை அந்தக் கடை வாசலில் நிறுத்தி டீ கேட்டுக் குடித்தார். ராஜாவே குடித்தபிறகு மற்றவர்களும் குடிக்கவேண்டியதாயிற்று. ஒரு டீக்கடை பிழைக்க ஒரு அரசர் தேவைப்பட்டார் என்பதுதான் அந்தக் கதையில் நாம் பார்க்கவேண்டியது. குறிஞ்சிப்பாடிக்கு எந்த ராஜாவும் வண்டி கட்டி வரவில்லை.

டீக்கடையை விடுங்கள், தறிக்கு வருவோம். நெசவு என்றாலே இன்று செங்குந்தர், சாலியர், தேவாங்கர் என்றுதான் பாடம் சொல்வார்கள். ஆனால் 1891 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையில் எச்.ஏ.ஸ்டூவர்ட் எழுதியதைப் பாருங்கள். ராஜராஜன் காலத்துக் கல்வெட்டில் பறையரில் நெசவுப் பறையர், உழவுப் பறையர் என்று இரண்டு பிரிவுகள் குறிப்பிடப்படுவதை அவர் எடுத்துக்காட்டுகிறார். தஞ்சை, மதுரைப் பகுதியின் கோலியர்கள் நெய்ததைத் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். ஆக, தொழில் தெரியாதவர்கள் அல்ல நாம். தறி இருந்த கை அது. நூல் கொடுத்துத் துணி எடுக்கும் வியாபாரிக்கும் நமக்கும் நடுவே சாதி நின்றது. சரக்கைக் கடனுக்குத் தருகிற நம்பிக்கை சாதிக்குள்ளேயே சுற்றியது. சமூகவியலில் இதற்குச் சமூக மூலதனம் என்று அழகான பெயர் உண்டு. கடைத்தெருவில் அதன் பெயர் "நம்ம ஆளு".

இனி மந்தத்தின் வரலாறு. நம் மாவட்டம் பார்த்த பெரிய மந்தம் 1929-க்குப் பிறகு வந்தது. அன்றைய தென்னார்க்காடு சென்னை மாகாணத்தின் முக்கியமான நிலக்கடலை மாவட்டம். இங்கே விளைந்த மல்லாட்டை பண்ருட்டி, விழுப்புரம் மண்டிகள் வழியாகப் புதுச்சேரித் துறைமுகம் போய் அங்கிருந்து பிரான்சின் மார்செய் நகர எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறியது. எங்கோ நியூயார்க்கில் பங்குச் சந்தை சரிந்ததற்கும் குறிஞ்சிப்பாடிக் கொல்லைக்கும் இருந்த தொடர்பு இந்தக் கப்பல்தான். சில ஆண்டுகளில் நிலக்கடலை விலை பாதிக்கும் கீழே போனது. விதைக்கும் வரிக்கும் முன்பணம் கொடுத்த மண்டிக்காரர்கள் கையை இழுத்துக்கொண்டார்கள். 1931-இல் பிரிட்டன் தங்க மதிப்பிலிருந்து விலகியபோது ஊர் வீடுகளிலிருந்த தாலியும் வளையலும் தங்கக் கட்டியாகிக் கப்பலேறின. தறிக்கும் அடி விழுந்தது. இந்தக் கடற்கரைப் பகுதியின் கைலி பர்மாவையும் மலேயாவையும் நம்பிய சரக்கு. வாங்குகிற கூலிக்காரருக்கே அங்கே வேலை இல்லை.

அந்தக் கூலிக்காரர்களில் நம்மவர்கள் நிறைய. மலேயாத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதியினர். ஊரில் படியாளாக இருந்தவர் கங்காணியின் பின்னால் போனதற்குக் காரணம் கூலி மட்டுமல்ல, ஆண்டை இல்லாத ஒரு இடம் இருக்கிறது என்ற நம்பிக்கையும்தான். ரப்பர் விலை விழுந்ததும் 1930 முதல் 1932 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அங்கிருந்து திருப்பி அனுப்பினார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் இறங்கினார்கள். எந்தப் படியாள் முறையிலிருந்து தப்பிப் போனார்களோ அதே சேரிக்குத் திரும்பினார்கள்.

இப்போது நிவாரணம். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் நம் தலைமுறையிலும் இது அப்படியே நடந்தது. 1938-இல் ராஜாஜி அரசு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடன் என்றால் 1937 அக்டோபர் 1 வரை நின்றுபோன வட்டி முழுவதும் தள்ளுபடி. பெரிய விஷயம்தான். பல குடும்பங்கள் அதனால் மூச்சுவிட்டன. ஆனால் யார் விவசாயி? நிலத்தில் உரிமை உள்ளவர், அல்லது குத்தகைதாரர். நிலத்தில் காலையிலிருந்து இரவு வரை நின்றவர், ஆண்டையிடம் கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்காக அடுத்த தலைமுறையையும் எழுதிக்கொடுத்தவர், சட்டத்தின் பார்வையில் விவசாயி இல்லை. தென்னார்க்காட்டின் இருவேல்பட்டில் 1916-இலேயே கில்பர்ட் ஸ்லேட்டரின் மாணவர்கள் படியாள் முறையைப் பதிவு செய்துவிட்டார்கள். அதிலிருந்து 22 ஆண்டுகள் கழித்துச் சட்டம் எழுதியவர்களுக்குப் படியாளைத் தெரியாது என்று சொல்ல முடியாது. நிலம் உள்ளவனின் கடன் தேசத்தின் பிரச்சினை. நிலம் இல்லாதவனின் கடன் அவனுக்கும் ஆண்டைக்கும் உள்ள விவகாரம்!

2020-க்கு வாருங்கள். அதற்கு முன்பே கடைத்தெருவை இரண்டு தேதிகள் அடித்துப்போட்டிருந்தன: 2016 நவம்பர் 8, பணமதிப்பிழப்பு, 2017 ஜூலை 1, ஜிஎஸ்டி. மூன்றாவது தேதி 2020 மார்ச் 25. அந்த ஏப்ரல்–ஜூன் காலாண்டில் நாட்டின் உற்பத்தி ஏறத்தாழ 24 விழுக்காடு சுருங்கியது. சிறு தொழில்களைக் காப்பாற்ற ஒன்றிய அரசு மே மாதம் 3 லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தை அறிவித்தது. அடமானம் வேண்டாம் என்றார்கள். தகுதி என்ன தெரியுமா? 2020 பிப்ரவரி 29 அன்று உங்கள் பெயரில் வங்கிக் கடன் நிலுவையில் இருக்கவேண்டும். அந்த நிலுவையில் 20 விழுக்காடு புதுக் கடன். ஏற்கெனவே வங்கிக்குள் இருந்தவருக்கு மட்டும் கதவு திறந்தது. தண்டல்காரரிடம் காலையில் வாங்கி மாலையில் கட்டுகிற இட்லிக் கடைக்கு நிலுவை எந்த வங்கியில் இருக்கும்? தரைக்கடைக்காரர்களுக்கு ஜூன் மாதம் தனியாக ஒரு திட்டம் வந்தது. அதன் முதல் தவணை 10,000 ரூபாய். 1938-இல் பட்டா கேட்டார்கள், 2020-இல் கடன் கணக்கு கேட்டார்கள்.

மலேயாவிலிருந்து திரும்பியவர்களைப் போல 2020-இலும் ஒரு கூட்டம் திரும்பியது. மே 5-ஆம் தேதி சென்னைக் கோயம்பேடு சந்தையை மூடினார்கள். செப்டம்பர் இறுதியில்தான் காய்கறிச் சந்தை மறுபடி திறந்தது. அங்கே மூட்டை தூக்கியவர்களில் கடலூர், அரியலூர், விழுப்புரம் மாவட்டத்துக்காரர்கள் ஏராளம். அவர்கள் லாரியிலும் கிடைத்த வண்டியிலும் ஊர் திரும்பினார்கள். கடலூர் மாவட்டத்தில் ஒரே நாளில் நூற்றுக்கு மேல் தொற்று பதிவானது. உடனே "கோயம்பேட்டுக்காரன்" என்பது ஒரு வசைச்சொல்லானது. நகரத்துக்குக் காய்கறி சுமந்த தோள், ஊருக்கு நோய் சுமந்த தோளாகிவிட்டது. சேரியை ஒதுக்கிப் பழகிய ஊருக்கு, தட்டியடித்து அடைப்பது புதிய வேலையா என்ன?

நெய்வேலியைப் பற்றிச் சொல்லாமல் குறிஞ்சிப்பாடிக் கடைத்தெருவைச் சொல்ல முடியாது. 1956-இல் நிறுவனம் தொடங்கியதிலிருந்து சுற்றுவட்டார வியாபாரத்துக்கு அதன் சம்பள நாள்தான் திருவிழா. நிரந்தரத் தொழிலாளி ஓய்வு பெறும்போது அந்த இடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி வந்தால் கடையில் விற்கும் பொருளும் மாறும். நகைக்கடைக்குப் போன பணம் ரேஷன் போக மீதி மளிகைக்குக்கூடப் போதாது. 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கிய 600 மெகாவாட் முதல் அனல்மின் நிலையத்தை 2020 செப்டம்பர் இறுதியோடு மூடினார்கள். அதே ஆண்டு மே மாதமும் ஜூலை மாதமும் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தது. அந்தச் சாவுகளில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் இருந்தார்கள். ஆலை மூடியது செய்தியானது. ஆலை வாசலில் டீ, வடை விற்ற பெண்கள் என்ன ஆனார்கள் என்பதை எந்த நிருபரும் எழுதவில்லை.

தறி தனியாகத் தேய்ந்துகொண்டிருந்தது. 1985 கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்படி லுங்கியும் கைத்தறிக்கே உரியது. சட்டம் இருக்க, விசைத்தறி லுங்கி கடைகளில் தொங்கியது. 2001 கடைசியில் நெசவாளர்களுக்குத் தமிழ்நாட்டில் கஞ்சித்தொட்டி திறக்கும் நிலை வந்தது. 1950-களின் தொடக்கத்திலும் இதே கஞ்சித்தொட்டி இருந்தது. நெசவாளர் பசி உண்மையானது, அதற்காக அரசியல் கட்சிகள் தெருவுக்கு வந்ததும் சரியானதே. தறிக்குப் பாவு ஓட்டவும் மூட்டை கட்டவும் போன கூலி ஆளின் வீட்டுக்குப் போதிய கஞ்சி போய்ச் சேர்ந்ததா என்று கேட்பது நம் வேலை.

இவ்வளவுக்கும் நடுவில் கடை வைத்த நம்மவர்கள் இருக்கிறார்கள். காலனி முனையில் பெட்டிக்கடை, செல்போன் ரீசார்ஜ், பிரியாணி, பந்தல் வாடகை. இவர்களின் வாடிக்கையாளர் பெரும்பாலும் காலனிக்காரர். நூறு நாள் வேலைக் கூலி இரண்டு மாதம் தாமதமானால் அந்தக் கடையின் கடன் நோட்டு நிரம்பும். ஊர்க்கடைக்கு மந்தம் வருவதற்கு முன்பே இங்கே வந்துவிடும். மெயின் ரோட்டுக்குப் போக நினைத்தால் அட்வான்ஸுக்கு முன்பே "நீங்க எந்தப் பக்கம்?" என்ற கேள்வி வரும். கட்டிடக்காரர் வாடகைக்கு இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த வாரம் வேறொருவருக்குக் கொடுப்பார். வழக்குப் போட ஆதாரம் இருக்காது.

தாட்கோ 1974-இலிருந்து இருக்கிறது. 2016-இல் வந்த ஸ்டாண்ட் அப் இந்தியா, ஒவ்வொரு வங்கிக் கிளையும் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் ஒருவருக்காவது 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் தரவேண்டும் என்றது. 2023-இல் தமிழக அரசு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மானியம் அறிவித்தது. இவற்றில் இன்றும் நடப்பில் உள்ளவற்றைப் பயன்படுத்தவேண்டும், விடக்கூடாது. குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி பொதுத்துறை வங்கிக் கிளைகள் ஒவ்வொன்றுக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடலாம்: இந்தத் திட்டத்தில் எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள், அதில் எத்தனை கடை இன்றும் திறந்திருக்கிறது? மாணவர்கள் இதை ஒரு செமஸ்டர் களப்பணியாகவே எடுக்கலாம். கூடவே கடைத்தெருவில் நடந்து, மூடிய ஷட்டர்களை மட்டும் எண்ணாமல், அவற்றின் திண்ணையில் இருந்தவர்கள் இப்போது எங்கே உட்காருகிறார்கள் என்பதையும் நோட்டில் எழுதுங்கள். மனுவின் மாதிரியும் கேள்வித்தாளும் தயாரிக்க நாம் உட்காரலாம், ஞாயிற்றுக்கிழமை என்றால் எல்லோருக்கும் வசதி.