வங்கிக்குச் சொல்லிவிட்டுப் புறப்படுதல்

வெளிநாடு புறப்படுவோருக்கு வங்கிகள் நெடுங்காலமாகக் கூறிவந்த புத்திமதி ஒன்றுண்டு. எந்த நாட்டுக்கு, எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை செல்கிறீர்கள் என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். இல்லையேல் உங்கள் அட்டை அங்கு மறுக்கப்படலாம் என்பதே அது. ரொறொன்ரோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ யாழ்ப்பாணம் வந்து, கணக்கில் பணமிருந்தும் இயந்திரத்தின் முன் வெறுங்கையோடு நின்றவர்களுக்கு இதன் பொருள் நன்கு விளங்கும். இதைக் கணினி யுகத்தின் தொல்லை என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் இச்சிக்கலின் வயது இரண்டரை நூற்றாண்டுக்கும் அதிகம். முகம் தெரியாத ஊரில் நிற்கும் ஒருவர், தாம் இன்னார்தான் என்பதையும் தமக்குப் பணம் உண்டு என்பதையும் எவ்வாறு நிரூபிப்பது என்பதே அதன் கரு.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவைச் சுற்றிவரப் புறப்பட்ட ஆங்கிலேயச் செல்வந்தர்கள் பொன் நாணயங்களைச் சுமந்துசெல்ல அஞ்சினர். வழிப்பறி மலிந்திருந்த காலம் அது. அவர்கள் நம்பியது வங்கியாளர் எழுதிக்கொடுத்த கடன் கடிதத்தை. இக்கடிதம் ஒரு குறிப்பிட்ட நகரத்திலுள்ள குறிப்பிட்ட வணிகருக்கு எழுதப்பட்டது. ஆகவே பயணி தாம் போகும் வழியைப் புறப்படுமுன்பே வங்கியாளரிடம் சொல்லித் தீரவேண்டியிருந்தது. வழியை மாற்றினால் பணமில்லை.

இந்தக் கட்டைத் தளர்த்தியவர் ரொபேர்ட் ஹெரீஸ் என்ற ஸ்கொட்லாந்து வணிகர். 1772இல் இலண்டனில் அவர் தொடங்கிய வங்கி, ஐரோப்பாவின் ஏறத்தாழ 90 நகரங்களில் மாற்றக்கூடிய சுற்றுப் பணப்பத்திரங்களை வெளியிட்டது. பயணி எந்த வழியிலும் போகலாம். எனினும் பத்திரத்தைக் கொண்டுவருபவர் அதற்கு உரியவர்தானா என்ற கேள்வி எஞ்சியது. அதற்காக அடையாளக் கடிதம் ஒன்று தனியே கொடுக்கும் வழக்கம் உண்டாயிற்று. அதில் பயணியின் மாதிரிக் கையொப்பமும் பணம் கொடுக்கக்கூடிய முகவர்களின் பட்டியலும் இருந்தன. பத்திரத்தையும் கடிதத்தையும் ஒரே பையில் வைக்கவேண்டாம் என்பது அக்காலப் பயணிகளுக்குச் சொல்லப்பட்ட முக்கியமான எச்சரிக்கை. இரண்டும் சேர்ந்து திருடன் கையில் சிக்கினால் அவனே உரியவனாகிவிடலாம். பின்னர் 1874இல் தோமஸ் குக் நிறுவனமும் இத்தகைய பத்திரங்களை வெளியிட்டது.

நமது பக்கத்தில் இந்தப் பணியைச் செய்தது உண்டியல். கொழும்புச் செட்டியார் தெருவிலும் இரங்கூனிலும் பினாங்கிலும் கடை வைத்திருந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கைச்சீட்டு கடல் கடந்தும் செல்லுபடியானது. ஒரு கடைக்கும் மற்றக் கடைக்கும் இடையே முன்னரே இருந்த அறிமுகமே அதன் மதிப்பு.

1890ஆம் ஆண்டளவில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் தலைவர் ஜேம்ஸ் பார்கோ ஐரோப்பாவுக்குப் பயணமானார். பெரிய நகரங்களுக்கு வெளியே அவருடைய கடன் கடிதத்தை எவரும் மதிக்கவில்லை. சினத்துடன் நாடு திரும்பியவர் இதற்கொரு தீர்வு காணும்படி தமது ஊழியர் மார்செலஸ் பெரியைப் பணித்தார். 1891இல் பயணிகள் காசோலை பிறந்தது. வாங்கும்போது ஒரு கையொப்பம், மாற்றும்போது அதே தாளில் மற்றொரு கையொப்பம். அடையாளக் கடிதம் காசோலைக்குள்ளேயே அடங்கிவிட்டது.

இந்த ஏற்பாட்டுக்கு 1914 ஓகஸ்டில் கடும் சோதனை வந்தது. முதலாம் உலக யுத்தம் மூண்டதும் ஐரோப்பிய வங்கிகள் கதவடைத்தன. ஆயிரக்கணக்கான அமெரிக்கப் பயணிகள் கையில் கடன் கடிதத்தை வைத்துக்கொண்டே உணவுக்கும் கப்பல் கட்டணத்துக்கும் வழியின்றித் தவித்தனர். அவர்களை மீட்க அமெரிக்க அரசு 'டெனசி' என்ற போர்க்கப்பலில் தங்கத்தை ஏற்றி அனுப்பியது. எவ்வளவு நம்பகமான தாளும் அதை ஏற்கும் கை இல்லாவிடில் வெறுந்தாளே என்பதை அந்தக் கோடை உணர்த்தியது.

பின்னர் வந்தது அட்டை. 1950இல் டைனர்ஸ் கிளப். 1958இல் கலிபோர்னியாவின் பிறெஸ்னோ நகரில், பின்னாளில் விசா எனப் பெயர்பெற்ற பேங்க் அமெரிக்கார்ட். தொடக்கத்தில் பெருந்தொகைக் கொள்வனவுக்குக் கடைக்காரர் தொலைபேசியில் அனுமதி பெற்றார்; திருட்டு அட்டைகளின் எண்கள் அச்சிடப்பட்ட சிறு புத்தகத்தையும் புரட்டிப் பார்த்தார். 1973இல் கணினி வலையமைப்பு வந்ததும் அனுமதி ஒரு நிமிடத்துக்குள் கிடைக்கலாயிற்று. ஆனால் அட்டையின் காந்தப் பட்டையிலுள்ள விபரம் மாறாதது. அதைப் பிரதி செய்தவன் எந்த நாட்டிலும் பணம் எடுக்கலாம்.

ஆகவே வங்கிகள் அட்டைக்காரரின் பழக்கத்தைக் கண்காணிக்கத் தொடங்கின. 1992இல் அமெரிக்காவில் அறிமுகமான 'பால்கன்' என்ற மென்பொருள் இதன் முன்னோடி. நேற்று ரொறொன்ரோவில் பயன்பட்ட அட்டை இன்று யாழ்ப்பாணத்தில் பயன்பட்டால், கணினிக்கு உரியவரும் திருடரும் ஒன்றுபோலவே தெரிவர். முன்னறிவிப்பு இங்கேதான் மறுபிறவி எடுத்தது. ஒருகாலத்தில் பயணிக்காக வங்கி அந்நிய முகவருக்கு எழுதியது. இப்போது பயணி தமது சொந்த வங்கிக்கே தம்மை அறிமுகம் செய்யவேண்டியதாயிற்று.

ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் புதிய குறியீட்டை உருவாக்கும் சில்லு அட்டை பரவியபின் பிரதி செய்வது கடினமாயிற்று. அமெரிக்காவின் பெரிய வங்கிகள் சில முன்னறிவிப்பு தேவையில்லை என்கின்றன. இந்தியாவிலோ நிலைமை வேறு. 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி பிறப்பித்த உத்தரவின்படி, புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து வழங்கப்படும். வெளிநாட்டுப் பயன்பாட்டை வாடிக்கையாளரே கேட்டுப் பெறவேண்டும். ஆகவே புறப்படுமுன் நமது வங்கியின் விதி எது என்று விசாரிப்பது இன்றும் அவசியம். விசாரிப்பதற்கு அட்டையின் பின்புறமுள்ள இலக்கத்தையே அழைக்கவேண்டும். வங்கி என்று சொல்லிக்கொண்டு நம்மை அழைப்பவரிடம் விபரம் எதையும் கொடுக்கலாகாது.

இன்றைய அடையாளக் கடிதம் நமது கைத்தொலைபேசி. இணையவழிக் கொடுப்பனவுகள் பலவற்றுக்கு வங்கி அனுப்பும் இரகசியக் குறியீடு, பதிவுசெய்த இலக்கத்துக்கே வருகிறது. கட்டுநாயக்காவில் இறங்கியதும் ஊர் சிம் அட்டையை மாற்றிப் போடுபவர் அந்தக் குறியீட்டை இழக்கிறார். அட்டையும் தொலைபேசியும் ஒரே பையில் களவுபோனால், வங்கியை அழைத்துத் தடுக்கவும் வழியிருக்காது. இரண்டாவது அட்டை ஒன்றும், வங்கியின் தொலைபேசி இலக்கம் எழுதிய துண்டுக் காகிதம் ஒன்றும் வேறொரு பையில் இருக்கட்டும். பத்திரத்தையும் கடிதத்தையும் பிரித்து வைக்கச் சொன்ன பழைய எச்சரிக்கைக்கு இன்றும் தேவை இருக்கிறது.