மலையில் இரண்டு தளங்கள்

வசந்தம் பிறந்ததும் செர்ரிப் பூக்களைக் காணவும், புத்தர் கோயிலைத் தொழவும் யப்பானிய மக்கள் கூட்டங்கூட்டமாய்ப் புறப்படுவர். சப்பிரகமுவ மலைநாட்டிலும் அதற்கு ஈடான யாத்திரை ஒன்று உண்டு. உந்துவப் பூரணை முதல் வெசாக் பூரணை வரை, 7,359 அடி உயரமுள்ள சிவனொளிபாத மலையை மக்கள் இரவெல்லாம் ஏறி, விடியலில் சூரியோதயம் கண்டு இறங்குகின்றனர். வழிகளுள் கடினமானது இரத்தினபுரியிலிருந்து பலாபத்தலை ஊடாகச் செல்வது. உயரே செல்லச் செல்ல மகா ரத்மல் என்னும் செம்மலர் மரங்கள் எதிர்ப்படும்.

1344ஆம் ஆண்டில் இம்மலை ஏறிய அராபிய யாத்திரிகர் இபின் பதூதா, உள்ளங்கை அகலமான சிவந்த மலரொன்றைப் பற்றி எழுதியுள்ளார். அதன் இதழில் இறைவன் பெயரும் நபியின் பெயரும் எழுதப்பட்டிருப்பதாக அங்குள்ளோர் கூறினராம். பூவில் மட்டுமா? உச்சிப் பாறையின் பாதச்சுவட்டிலும் பௌத்தர் புத்தரையும், சைவர் சிவனையும், முஸ்லிம்கள் ஆதாமையும் கண்டனர். ஒரே கல்லை அனைவரும் வணங்கினர், அது பெருமைக்குரியதே.

ஆயினும் அப்பெருமையைப் பாடிவிட்டுத் திரும்புவது சரித்திரமாகாது. முதலாம் விஜயபாகு (1055–1110) யாத்திரிகருக்குச் செய்த தருமங்களை அம்பகமுவக் கல்வெட்டு விவரிக்கிறது. தாழ்ந்த சாதியார் நின்று வணங்குவதற்கெனப் பாதச்சுவட்டிற்குக் கீழே தனித் தளம் அமைத்ததும் அத்தருமங்களுள் ஒன்று! எல்லோருக்கும் பொதுவான மலையில் எல்லோருக்கும் ஒரே தளம் இருக்கவில்லை.

அந்தக் கீழ்த்தளம் மன்னராட்சியோடு மறைந்ததா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மலைச் சாரல்களின் காடுகளை வெட்டி ஆங்கிலேயர் கோப்பி பயிரிட்டனர். அது நோயால் அழிந்தபின் தேயிலையும் ரப்பரும் வந்தன. கங்காணிகளின் பின்னே தமிழகத்திலிருந்து வந்தவர்கள் அவற்றை வளர்த்தனர். அவர்களும் இதே படிகளில் ஏறி, இதே பாதத்தைத் தொழுதனர். சுதந்திர இலங்கையின் பாராளுமன்றமோ 1948இல் அவர்களது பிரஜாவுரிமையையும், 1949இல் வாக்குரிமையையும் பறித்தது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கிட்டது. அம்மனிதரை எவரும் கேட்கவில்லை. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரிப் பகுதித் தோட்டங்கள் தாக்கப்பட்டன. குடும்பங்கள் வன்னியை நோக்கி ஓடின. நாடற்றவராய் எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது. காணியும் வீடும் இன்றும் பலருக்குக் கைகூடவில்லை. லய அறைகளிலேயே வாழ்வு கழிகிறது.

மன்னன் கல்லால் அமைத்த கீழ்த்தளத்தைப் பாராளுமன்றம் சட்டத்தால் அமைத்தது; வேறுபாடு அவ்வளவே.

வார விடுமுறையில் மாணவரை அழைத்துக்கொண்டு மலையேறும் ஆசிரியர்கள் செம்மலரைக் காட்டட்டும், பாதச்சுவட்டையும் காட்டட்டும். பின்னர், பொழுது புலர்ந்து மூடுபனி விலகும்போது, கீழே சரிவுகளில் வரிசை வரிசையாய்த் தெரியும் லயங்களையும் காட்டட்டும். மலையின் சரித்திரம் அங்கேதான் முடிவடையாமல் நிற்கிறது.