தண்டப்பணம் கட்ட முடியாதவருக்குச் சிறை: சட்டம் ஒன்று, நடைமுறை இரண்டு

இலங்கைச் சிறைகளுக்கு ஆண்டுதோறும் தண்டனைக் கைதிகளாக அனுப்பப்படுவோரில் பாதிக்கும் மேற்பட்டோர், நீதிமன்றம் விதித்த தண்டப்பணத்தைக் கட்ட முடியாமல் உள்ளே போனவர்கள். சிறைச்சாலைகள் திணைக்களத்தின் புள்ளிவிபரங்கள் பல வருடங்களாக இதையே காட்டுகின்றன. அவர்களுக்குத் தண்டப்பணமே போதும் என்றுதான் நீதிமன்றம் கருதியது. கையில் காசு இல்லாததால் அது சிறைத்தண்டனையாக மாறியது.

ஏட்டில் உள்ள சட்டம் ஏழைக்கு எதிரானதல்ல. தண்டனைச் சட்டக்கோவையின்படி சாதாரண களவுக்கு உச்சத் தண்டனை 3 வருடச் சிறை. அரச உத்தியோகத்தர் ஒருவர் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட சொத்தில் நம்பிக்கை மோசடி செய்தால் 10 வருடம் வரை விதிக்கலாம். அப்படியானால் வேறுபாடு எங்கே வருகிறது?

முதலாவது, காலம். களவுச் சந்தேகநபர் அன்றே கைதாகி, பிணைக்கு ஆள் இல்லாவிட்டால் விளக்கமறியலில் கிடக்கிறார். நிதி மோசடி வழக்கோ கணக்காய்வு, விசாரணை, மேல் நீதிமன்றம் என்று இழுபடுகிறது. 2014இல் விளையாட்டுக் கழகங்களுக்கென கரம், டாம் பலகைகள் இறக்குமதி செய்ததில் அரசுக்கு 53 மில்லியன் ரூபா நட்டம் ஏற்படுத்திய வழக்கில், முன்னாள் அமைச்சர்கள் மஹிந்தானந்த அளுத்கமகேக்கு 20 வருடமும் நளின் பெர்னாண்டோவுக்கு 25 வருடமும் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. கடுமையான தண்டனைதான். ஆனால் தீர்ப்பு வந்தது 2025 மே மாதத்தில்.

இரண்டாவது, மேன்முறையீடு. 'சில்' துணி வழக்கில் 2017 செப்டெம்பரில் 3 வருடக் கடூழியச் சிறை விதிக்கப்பட்ட இரு உயர் அதிகாரிகள், அதே மாதத்தில் பிணையில் வந்தனர். 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. மேன்முறையீடு செய்வது அவர்களின் உரிமை. சட்டத்தரணிக்குக் கொடுக்க வழியில்லாதவருக்கோ, அந்த உரிமை கைக்கு வருமுன்னரே தண்டனைக் காலம் முடிந்துவிடுகிறது.

மூன்றாவது, எது குற்றம் என்பதே. 2023 நவம்பர் 14 அன்று உயர் நீதிமன்றம், கோட்டாபய, மஹிந்த, பசில் ராஜபக்ஷ, முன்னாள் மத்திய வங்கி ஆளுநர் அஜித் நிவாட் கப்ரால் உள்ளிட்டோர் பொருளாதார நெருக்கடிக்குக் காரணமாகி மக்கள் நம்பிக்கையை மீறினர் எனத் தீர்ப்பளித்தது. அது குற்றவியல் வழக்கல்ல, அடிப்படை உரிமை வழக்கு. அதனால் சிறைத்தண்டனைக்கு அங்கு இடமிருக்கவில்லை. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவு வழங்குமாறு உத்தரவிடப்பட்டது.

தீர்ப்புக்கு முன்பே தண்டனை தொடங்கிவிடும் என்பது எம் மக்களுக்குப் புதிதல்ல. சாதாரண சட்டத்தில் பொலிஸாரிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியாகாது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில், உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்தால் அதுவே சாட்சியாகும். அந்தச் சட்டத்தின் கீழ் வருடக்கணக்கில் தடுப்பில் இருந்தவர்களின் குடும்பங்களுக்கு, வழக்கு இழுபடுவது என்றால் என்னவென்று தெரியும்.

ஒரே குற்றத்துக்கு ஒரே தொகை விதிப்பது சமத்துவம் போலத் தெரியும். நாட்கூலிக்கு 25,000 ரூபா ஒரு மாதச் சாப்பாடு. வசதியானவருக்கு ஒரு நாள் செலவு. சிறைக்குப் பதிலாகச் சமூக சேவையில் ஈடுபடுத்த 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. அதைக் கூடுதலாகப் பயன்படுத்தினாலே பலர் வீட்டில் இருப்பர்.

இவ்வாறான வழக்கில் உங்கள் உறவினர் சிக்கியிருந்தால் இரண்டை நினைவில் வையுங்கள். தண்டப்பணத்தைக் கட்டக் கால அவகாசமோ தவணை முறையோ தருமாறு நீதிமன்றத்தைக் கேட்கலாம். சட்டத்தரணி வைக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். வடக்கிலும் கிழக்கிலும் அதற்கு அலுவலகங்கள் உண்டு.