நீலகிரிச் சதுப்பில் உள்ளான் வேட்டை: துப்பாக்கி மாறியதும் சட்டம் வந்ததும்

நீலகிரியின் மேட்டுநிலத்தில் இரண்டு புல்மேடுகளுக்கு நடுவே பள்ளமாகக் கிடக்கும் இடங்களில் பெரும்பாலும் சதுப்பு இருக்கும். கால் வைத்தால் முழங்கால்வரை இறங்கும் கருஞ்சேறு, அதன்மேல் கோரை, ஓரத்தில் சோலை. புரட்டாசி, ஐப்பசியில் வடக்கிலிருந்து உள்ளான்கள் இந்தச் சேற்றைத் தேடி வந்து இறங்கும். பங்குனியில் திரும்பிப் போகும். நீண்ட அலகைச் சேற்றுக்குள் செருகிப் புழு தேடும் இந்தப் பறவை நூறு கிராம் எடைக்குச் சற்று மேலே இருக்கும். காலடிச் சத்தம் கேட்டதும் எழுந்து, இடமும் வலமுமாக வெட்டி வெட்டிப் பறக்கும். அதைச் சுட்டு வீழ்த்துவதைத்தான் ஊட்டியிலும் குன்னூரிலும் குடியேறிய வெள்ளையர்கள் துப்பாக்கிக்காரனின் தேர்ச்சிக்கு அளவாக வைத்திருந்தார்கள். உள்ளானின் பெரிய உறவான வுட்காக் சோலைக்குள் ஒளிந்திருக்கும். இமயத்திலிருந்து குளிர்காலத்தில் தெற்கே வரும் அந்தப் பறவைக்கு வேட்டைக்காரர்களிடையே இன்னும் மதிப்பு அதிகம்.

அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டையின் வரலாற்றை எழுதுபவர்கள், முன்கைப்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் பம்ப் துப்பாக்கியைத் தவிர்க்க முடியாது. நீலகிரியில் அந்தத் துப்பாக்கி ஏறக்குறைய இடமே பெறவில்லை. ஆனால் அது எழுப்பிய கேள்வி இங்கே முன்பே எழுந்துவிட்டது. ஈரத்திலும் சேற்றிலும் தவறாமல் வெடிக்கும் துப்பாக்கி கைக்கு வந்தபின் பறவைக்கு மிஞ்சுவது என்ன என்பதே அந்தக் கேள்வி. இரண்டு நாடுகளிலும் துப்பாக்கி முந்தியது, சட்டம் பின்னால் வந்தது. நீலகிரியில் அந்த இடைவெளி குறுகலாக இருந்தது என்பதே இக்கட்டுரை காட்ட முயல்வது.

கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1820களில் ஊட்டியில் ஏரி அமைத்த காலத்துத் துப்பாக்கி வாய்வழி மருந்திடும் வகை. குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, அடைப்பை வைத்துக் கிட்டித்து, ரவையைப் போட்டு, மறுபடி கிட்டிக்க வேண்டும். பறந்துபோன உள்ளான் அதற்குள் அடுத்த சதுப்பைத் தாண்டியிருக்கும். கருமருந்துக்கு ஈரம் பகை. குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான் பெய்கிறது. உள்ளான் வந்து இறங்குவதும் அப்போதுதான். மலைமேல் மூடுபனி தவழும் காலையில் சக்கிமுக்கிக் கல் பொறி பறக்கவிட்டாலும் மருந்து பற்றாமல் போவதுண்டு. கல்லின் இடத்தில், அடித்ததும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு வந்தபின் இந்தத் தொல்லை பாதி குறைந்தது. ஆனாலும் கருமருந்தின் புகை பள்ளத்துக் காற்றில் கலையாமல் நின்று, இரண்டாவது குறிக்கு இடம் தராது. பறவைக்கு அன்றைய பெரிய காவல் துப்பாக்கியின் இந்தக் குறைகள்தாம்.

அந்தக் காவல் நாற்பதே ஆண்டுகளில் கலைந்தது. பாரிஸில் லெஃபோஷோ 1830களில் செய்த, பின்பக்கம் திறந்து தோட்டா போடும் துப்பாக்கி 1851ல் லண்டன் பெருங்கண்காட்சிக்கு வந்தது. 1861ல் டா என்ற லண்டன் வணிகர் நடுவில் கேப்பு வைத்த தோட்டாவை இங்கிலாந்தில் பரப்பினார். 1875ல் ஆன்சனும் டீலியும் வெளிச்சுத்தி இல்லாத பொறியமைப்புக்குக் காப்புரிமை பெற்றார்கள். குழல் முனையைச் சற்றே ஒடுக்கி ரவையைச் சிதறாமல் அனுப்பும் சோக் முறையும் அதே காலத்தில் பரவியது. நிமிடக்கணக்கில் நடந்த வேலை நொடிக்கணக்குக்கு வந்துவிட்டது. மலையிலோ அப்போது வெலிங்டனில் படைமுகாம் இருந்தது, காப்பித் தோட்டங்கள் பெருகின, கோடையில் சென்னை அரசாங்கமே ஊட்டிக்கு ஏறிவந்தது. துப்பாக்கி வைத்திருந்தோர் தொகையும் துப்பாக்கியின் திறனும் ஒரே சமயத்தில் உயர்ந்தன.

நீலகிரி வேட்டைச் சங்கம் 1877ல் கூடியது. இரண்டு ஆண்டுகளில், 1879ல், நீலகிரி வேட்டை உயிரினங்கள், மீன்கள் பாதுகாப்புக்காகச் சென்னை மாகாணத்தின் இரண்டாம் சட்டம் பிறந்தது. காட்டுமாடு, கடமான், வரையாடு, மான், முயல், காட்டுக்கோழி, மயில், கௌதாரி, காடை போன்றவற்றைப் பெயர் சொல்லிக் காத்த சட்டம் அது. வேண்டிய பிற பறவை விலங்குகளை அறிவிக்கை மூலம் சேர்க்கவும் இடம் வைத்தது. பறவைகளைக் காக்க இந்தியா முழுமைக்குமான முதல் சட்டம் 1887ல்தான் வந்தது. பின்னால் திறக்கும் துப்பாக்கி பரவி இருபது ஆண்டுகளுக்குள் ஒரு மலைப்பகுதி தனக்கென்று சட்டம் கேட்டு வாங்கியதைத் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம்.

அந்தச் சட்டம் யாருக்காக என்பதையும் சொல்லியாக வேண்டும். சங்கத்தார் வேட்டையை நிறுத்துவதற்காகக் கூடியவர்கள் அல்லர். வேட்டை தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்று கூடியவர்கள். 1878ன் ஆயுதச் சட்ட விதிகள் ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தன, இந்தியரிடம் உரிமம் கேட்டன. துரைகளுக்குத் தடம் காட்டிய குறும்பரும் இருளரும் தங்கள் காட்டிலேயே கண்ணி வைத்தால் குற்றவாளிகள் ஆனார்கள். பறவைகளைக் காத்த பெருமையில் இந்த அநீதியும் பங்குபெறுகிறது.

இதே காலத்தில் அமெரிக்கா வேறு பாதையில் போனது. கிறிஸ்டபர் ஸ்பென்சர் 1882ல் விற்பனைக்குத் தகுந்த பம்ப் துப்பாக்கி ஒன்றைச் செய்தார். ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1893லும், அதன் திருந்திய வடிவம் 1897லும் வெளிவந்தன. குழலுக்கு அடியில் இன்னொரு குழாய், அதற்குள் வரிசையாக ஐந்து தோட்டாக்கள். முன்கைப்பிடியைப் பின்னால் இழுத்தால் காலித் தோட்டா தெறித்து விழும். முன்னால் தள்ளினால் அடுத்தது ஏறிக்கொள்ளும். எல்லாம் கை வலிமையால் நடப்பதால், தோட்டாவின் மருந்து சற்று வலுக்குறைந்திருந்தாலும் பொறி நிற்காது. தானியங்கித் துப்பாக்கியைவிட இதை நம்பலாம் என்று வாத்து வேட்டைக்காரர்கள் சொன்னதன் அடிப்படை இதுதான். 1912ன் வின்செஸ்டர், 1937ன் இத்தகா, 1950ன் ரெமிங்டன் 870 ஆகியவை அந்த நம்பிக்கையை வளர்த்தன. இத்தகாவில் தோட்டா உள்ளே போவதும் வெளியே வருவதும் அடிப்பக்கத் துளை வழியாகத்தான். பக்கவாட்டில் திறப்பே இல்லாததால் மழையும் குப்பையும் எளிதில் நுழையாது.

பம்ப் துப்பாக்கிக்கும் பலவீனம் உண்டு. அவசரத்தில் கைப்பிடியை முழுக்க இழுக்காவிட்டால் அடுத்த தோட்டா ஏறாது. இன்னொரு பகை காகிதம். அன்றைய தோட்டாவின் உடல் காகிதத்தால் ஆனது. ஈரம் பட்டால் ஊதிப் பருத்து அறைக்குள் சிக்கிக்கொள்ளும். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளுக்கு வின்செஸ்டர் 1897 போனபோது இதே தொல்லை எழ, பித்தளைத் தோட்டாக்கள் தரப்பட்டன. ஐப்பசி மழையில் சதுப்பு மிதித்த நீலகிரி வேட்டைக்காரருக்கு இது புதிய செய்தியாக இருந்திராது. வெப்பமண்டல நாடுகளுக்கென்று ஈரம் ஏறாத பூச்சுத் தோட்டாக்களை ஈலி நிறுவனம் விற்றதே இந்தத் தேவையால்தான். பிளாஸ்டிக் தோட்டா வந்து இதை முழுதாகத் தீர்த்தது 1960க்குப் பிறகு.

பம்ப் துப்பாக்கி இந்த மலையில் ஏன் வேர்பிடிக்கவில்லை? பழக்கம், பிரிட்டிஷ் கடைகளின் செல்வாக்கு ஆகியவற்றைச் சொல்லலாம். ஆனால் நிலத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. இரட்டைக்குழல் துப்பாக்கி என்பது உண்மையில் ஒரே கட்டையில் பூட்டிய இரண்டு துப்பாக்கிகள். இரண்டு விசை, இரண்டு பொறி. ஒன்று மறுத்தால் மற்றொன்று வெடிக்கும். நம்பகத்தில் பம்ப் துப்பாக்கியால் தர முடியாத உறுதி அது. மேலும், உள்ளானைத் தேடிப் போனவர் முன்னே கடமானோ பன்றியோ சிறுத்தையோ எழுந்து நிற்கக்கூடிய காடு இது. வலக்குழலில் சிறு ரவையும் இடக்குழலில் குண்டும் வைத்திருந்தால் விசையை மாற்றி அழுத்துவது மட்டுமே வேலை. வரிசையாகத் தோட்டா ஏறும் துப்பாக்கியில் அந்தத் தேர்வு கிடையாது. கர்னல் ஃபாஸ்பரியின் காப்புரிமையைக் கொண்டு ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 1880களில் செய்த ‘பாரடாக்ஸ்’ துப்பாக்கி, ரவை, குண்டு இரண்டையும் ஒரே குழலில் சுடும். அது இந்தியாவில் விரும்பப்பட்டதும் இதே தேவையால்தான்.

சுடப்பட்ட பறவைகளின் தொகையைத் தோட்டாக்களின் எண்ணிக்கை மட்டும் தீர்மானிக்கவில்லை என்பதற்குப் பரத்பூர் கொடிய சான்று. 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோவின் குழு அங்கே ஒரே நாளில் 4,273 நீர்ப்பறவைகளைச் சுட்டது. இந்திய சமஸ்தான வேட்டைகளின் வழக்கப்படி, பெருந்தொகையைச் சாத்தியமாக்கியது துப்பாக்கிக்குத் தோட்டா மாற்றித் தரும் ஆட்களும் பறவைகளை எழுப்பிவிடும் ஆட்களும். உழைப்பு மலிவாகக் கிடைத்த நாட்டில் ஆளே இயந்திரத்தின் வேலையைச் செய்தார். ஆள்கூலி உயர்ந்த அமெரிக்காவில் அதை முன்கைப்பிடி செய்தது. அங்கே 1918ல் வலசைப் பறவைச் சட்டம் வந்தது. 1935ல் பம்ப், தானியங்கித் துப்பாக்கிகளில் மூன்று தோட்டாவுக்கு மேல் வைக்கக் கூடாது என்று கட்டைச் செருகி அடைக்க ஆணையிட்டார்கள். பொறியின் வெற்றியைப் பொறிக்குள்ளேயே கட்டுப்படுத்திய அந்த விதி, துப்பாக்கி வரலாற்றில் நேர்மையான ஒப்புதல்.

தமிழ்நாட்டுச் சமவெளியில் இதைவிடப் பழைய வழி ஒன்று உண்டு. வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளைப் படைவீரர்கள் சுட்டபோது ஊர்மக்கள் முறையிட, செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் 1790களின் இறுதியில் பாதுகாப்பு ஆணை தந்தார். எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பது அவ்வூரார் கண்ட கணக்கு. உழவரின் தேவையிலிருந்து எழுந்த அந்தக் காவல், துரைகளின் சங்கத்துக்கு முக்கால் நூற்றாண்டு மூத்தது.

நீலகிரிச் சங்கத்தின் கதையை மேஜர் ஃபிதியன்-ஆடம்ஸ் 1939ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் எழுதினார். குன்னூர் வழக்கறிஞர் ஈ.ஆர்.சி. டேவிடார் 1968ல் அதே இதழில் தொடர்ந்தார். முதலாமவரின் கட்டுரைத் தலைப்பில் ‘வேட்டைச் சங்கம்’ என்றிருந்தது இரண்டாமவர் தலைப்பில் ‘காட்டுயிர்ச் சங்கம்’ ஆகியிருந்தது. 1972ன் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம்கூட உரிமத்தோடு சிறு வேட்டையை அனுமதித்தது. 1991ன் திருத்தமே அந்த வாயிலை அடைத்தது. திருச்சி படைக்கலத் தொழிற்சாலை பம்ப் துப்பாக்கி செய்தபோது, அது காவல், பாதுகாப்புப் பணிக்கான கருவியாகவே இருந்தது.

துப்பாக்கி ஓய்ந்தபின்னும் உள்ளானுக்கு நெருக்கடி தீரவில்லை. 1950களில் தொடங்கிய குந்தா நீர்மின் திட்டத்தின் அணைகள் பள்ளத்தாக்குகளை மூழ்கடித்தன. சதுப்புகள் பல வடிக்கப்பட்டு உருளைக்கிழங்கும் கேரட்டும் விளையும் வயல்களாயின. ஊட்டி ஏரியின் ஒரு பகுதியே நிரவப்பட்டுக் குதிரைப் பந்தயத் திடலானது. வேட்டைக்காரன் ஒரு பருவத்தில் எடுத்ததை அடுத்த பருவத்துக் குஞ்சுகள் ஈடுசெய்யலாம். வடிந்த சதுப்பு திரும்புவது அரிது. கோத்தகிரி லாங்வுட் சோலை 2024ல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது மகிழ்ச்சிக்குரியது. பெயரில்லாத நூற்றுக்கணக்கான சிறு சதுப்புகளுக்கு அந்தக் காப்பு இல்லை. வனத்துறை ஆண்டுதோறும் நடத்தும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு இவற்றையும் விடாமல் எண்ண வேண்டும். ஃபிளெட்சர் 1911ல் வெளியிட்டது போன்ற வேட்டை நூல்களில் உள்ள இடக்குறிப்புகளை அந்தக் கணக்கோடு ஒப்பிட்டால், எந்தப் பள்ளத்தில் பறவை இன்னும் இறங்குகிறது, எங்கே இறங்குவதை நிறுத்திவிட்டது என்று இடம்வாரியாகச் சொல்ல முடியும்.