அப்பா தினமும் கடந்த எல்லை

எங்கள் அப்பா வீட்டோடு மாப்பிள்ளை. அவருக்குக் கடலூர்ப் பக்கம். 1948-ல் பாகூரில் பெண் எடுத்தார். என் தாய்மாமன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இந்தோசீனா போயிருந்ததால், தாத்தா பாட்டிக்குத் துணையாக இங்கேயே தங்கிவிட்டார். வேலை மட்டும் கடலூரில், ஒரு மண்டியில் கணக்கு எழுதுவது. பாகூர் அன்று பிரெஞ்சு மண், கடலூர் இந்தியா. ஆக, பெண்டாட்டி ஊரில் அவர் அந்நியர். காலையில் சைக்கிளில் தன் நாட்டுக்குப் போய், இரவு அயல்நாட்டுக்குத் திரும்புவார்.

முதலில் இது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. 1949-ல் இரு அரசுகளின் சுங்க ஒப்பந்தம் முடிந்தது. வழியில் சாவடி முளைத்தது. சோற்றுத் தூக்கைக்கூடத் திறந்து காட்ட வேண்டும். 1954-ல் பெர்மிட் கெடுபிடி முற்றியது. அந்த நாட்களில்தான் தாத்தா இறந்தார். தகவல் அன்றே போய்ச் சேர்ந்தும், அப்பா வீடு வர மறுநாள் ஆகிவிட்டது. மாப்பிள்ளை முகம் பார்க்காமலே எடுத்துவிட்டார்கள். அதைக் கடைசிவரை சொல்லிச் சொல்லி வருந்துவார்.

1954 அக்டோபர் 18-ல் கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணையலாம் என்றார்கள். நவம்பர் 1 முதல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சாவடியும் போயிற்று. ஆனால், யார் எந்த நாட்டவர் என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றது. 1956-ல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-ல்தான் அமலுக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் இந்தியர்.

பட்டாளத்திலிருந்து திரும்பியிருந்த மாமா எழுதிக் கொடுத்தார். "அக்கா, நீயும் எழுது. பையனுக்கு நல்லது" என்று அம்மாவை வற்புறுத்தினார். அப்போது எனக்குப் பதினோரு வயது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா எழுதவில்லை. "உங்க மச்சான் இத்தனை வருஷம் அந்நியரா இருந்தது போதும். இனி ஒரே வீட்டுல நாங்க ரெண்டு நாடா இருக்க வேணாம்" என்றாராம்.

வேடிக்கை என்னவென்றால், அந்நியராக வந்த அப்பா உள்ளூர்க்காரர் ஆனார். அதே வீட்டில் பிறந்த மாமா அயல்நாட்டவர் ஆனார். பிற்பாடு மாமாவின் பென்ஷனைப் பார்த்து, அம்மா செய்தது சரிதானா என்று நானும் நினைத்ததுண்டு. குமாஸ்தா சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்தவனுக்கு அந்த நினைப்பு வராமல் இருக்குமா? ஆனால் தாத்தா சாவுக்கு ஒரு நாள் தாமதமாக வந்த அப்பாவை நினைத்தால், அம்மா கணக்குதான் சரி என்று இப்போது படுகிறது.