ஷூ லேஸும் சாதியும்

ஆறாம் வகுப்பில்தான் அப்பா எனக்கு முதல் ஷூ வாங்கித் தந்தார். பெட்டியைத் திறந்த பிறகுதான் தெரிந்தது, லேஸ் கட்ட எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தாத்தா செருப்புத் தைத்தவர். வாரும் ஊசியும் அவர் கையில் பழகியவை. அவரே அந்த லேஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாத்தியாரைக் கேட்டுக்க சாமி" என்றார். அன்று சிரித்தோம். அது சிரிக்கும் விஷயமல்ல என்பது பிறகுதான் புரிந்தது.

காலணியைக் கயிறு கோத்துக் கட்டும் அறிவு மிகப் பழையது. அர்மீனியாவின் அரேனி குகையில் 2008இல் ஒரு காலணி கிடைத்தது. வயது சுமார் 5,500 ஆண்டுகள். ஒரே மாட்டுத்தோலைக் காலுக்கேற்ப மடித்து, முன்னும் பின்னும் தோல்வாரால் கோத்திருக்கிறார்கள். அந்த வாரும் அப்படியே இருந்தது.

இன்று இது கணக்கு வாத்தியார்களின் ஆய்வுப் பொருள். ஆறு ஜோடித் துளையுள்ள ஷூவுக்குச் சுமார் 2 லட்சம் கோடி வழிகளில் லேஸ் கோக்கலாம். ஆஸ்திரேலியாவில் கணிதப் பேராசிரியராக இருந்த புர்கார்ட் போல்ஸ்டர் 2002இல் இதை ஆராய்ந்தார். பெருக்கல் குறி போலக் குறுக்கே கோப்பதும், ஏணிப்படி போல நேராகக் கோப்பதுமே மிக இறுக்கமானவை என்று நிறுவினார். அதாவது, மக்கள் அனுபவத்தில் கண்டுபிடித்த இரண்டு முறைகளும் சரிதான்.

முடிச்சிலும் சூட்சுமம் உண்டு. முதல் முடிச்சில் இடது முனையை வலதின்மேல் போட்டால், அடுத்து வளையம் போடும்போது வலதை இடதின்மேல் போட வேண்டும். இரண்டையும் ஒரே பக்கமாகப் போட்டால் வளையங்கள் ஷூவுக்குக் குறுக்கே படியாமல், விரலுக்கும் கணுக்காலுக்குமாகத் திரும்பி நிற்கும். நடக்க நடக்க அவிழும். பாதம் தரையில் மோதும் அதிர்ச்சி முடிச்சைத் தளர்த்துகிறது, வீசியாடும் முனைகள் அதை இழுத்து அவிழ்க்கின்றன என்று 2017இல் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இத்தனை வழிகளும் யாருக்கு? காலணி போட உரிமையுள்ள காலுக்கு.

நம் நாட்டில் தோலைப் பதப்படுத்தியவர்களும், செருப்புத் தைத்தவர்களும், கமலை இறைக்கத் தோல்பை செய்து கொடுத்தவர்களும் ஒடுக்கப்பட்ட மக்களே. அவர்கள் தைத்த செருப்பு ஊர்த்தெருவில் நடந்தது. அவர்கள் அதே தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். தோல் தீட்டாம், தோலால் செய்த செருப்பு மட்டும் தீட்டில்லையாம்!

இது வெறும் வழக்கமாக மட்டும் இருக்கவில்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். நகை போடக் கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, சட்டை போடக் கூடாது என்று நீண்ட பட்டியலில், குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது என்பதும் இருந்தது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. ஆடுமாடுகள் கொள்ளை போயின. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

1950இல் அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அப்படியென்றால் செருப்பின் கதை முடிந்திருக்க வேண்டுமல்லவா? 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015இல் திருத்தியபோது, பொது இடத்தில் தலித் ஒருவர் காலணி அணிவதைத் தடுப்பதைக் குற்றம் என்று பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டியிருந்தது. ராமநாதபுரத்துத் தடைக்கு 85 ஆண்டுகளுக்குப் பிறகு! நடக்காத ஒன்றைத் தடுக்க யாரும் சட்டம் எழுதுவதில்லை.

தாத்தாவுக்கு லேஸ் கட்டத் தெரியாதது அவருடைய அறியாமையல்ல. ஊருக்கே செருப்புத் தைத்த கைக்கு, தன் காலில் ஒன்றைக் கட்டிப் பார்க்க இடம் தரவில்லை இந்தச் சமூகம். உங்கள் பிள்ளைக்கு லேஸ் கட்டச் சொல்லிக்கொடுக்கும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.