நினைவகம் யாருடையது? எஸ்கியூலைட் தரவுத்தளமும் இரண்டு நிரல்மொழிகளும்

கணிப்பொறி வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கருவிகளின் வரலாற்றையோ நிறுவனங்களின் வரலாற்றையோ எழுதுகின்றனர். இரண்டு நிரல்மொழிகள் ஒன்றையொன்று சந்திக்கும் எல்லையில் என்ன ஒப்பந்தம் நிலவியது, அதை யார் காத்தனர், மீறப்பட்டபோது யார் கண்டுபிடித்தனர் என்னும் கேள்விகள் அதிகம் கேட்கப்படுவதில்லை. எஸ்கியூலைட் என்னும் உட்பொதி தரவுத்தளத்தின் இருபத்தைந்து ஆண்டு வரலாறு இக்கேள்விகளை ஆராய ஏற்ற களம்.

இதன் தொடக்கம் 2000ஆம் ஆண்டு. அமெரிக்கக் கடற்படையின் ஏவுகணை நாசகாரிக் கப்பல் ஒன்றுக்கான மென்பொருளை ஜெனரல் டைனமிக்ஸ் நிறுவனத்திற்காக ரிச்சர்ட் ஹிப் உருவாக்கிக்கொண்டிருந்தார். கப்பலுக்குச் சேதம் நேர்ந்தால் அதைக் கட்டுப்படுத்த உதவும் மென்பொருள் அது. அதன் தரவுகள் இன்ஃபார்மிக்ஸ் என்னும் தரவுத்தள வழங்கியில் இருந்தன. வழங்கி நின்றுபோனால் மென்பொருளும் செயலிழந்தது. இணைக்க இயலவில்லை என்னும் செய்தி மட்டும் திரையில் தோன்றியது. ஆபத்து வேளைக்கென உருவான மென்பொருள் வேறொரு நிரலின் நலத்தை நம்பியிருந்தது. வட்டிலுள்ள கோப்பைப் படிப்பதற்கு இடையில் வழங்கி எதற்கு என்று ஹிப் கேட்டார். அக்கேள்வியிலிருந்து பிறந்த எஸ்கியூலைட்டின் முதல் பதிப்பு 2000 ஆகஸ்ட் 17 அன்று வெளிவந்தது.

இம்மாற்றத்தின் அளவை உணர முப்பது ஆண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1970இல் ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட் உறவுசார் தரவு மாதிரியை முன்வைத்தார். 1974இல் டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகியோர் அம்மாதிரிக்கென ஒரு வினவல் மொழியை வகுத்தனர், பின்னாளில் எஸ்.கியூ.எல். என்று அறியப்பட்டது அதுவே. எது வேண்டும் என்று கேட்டால் போதும், எப்படித் தேடுவது என்பதைத் தரவுத்தளமே தீர்மானிக்கும் என்பது அம்மொழியின் அடிப்படை. இப்பெரும் பணியைச் செய்யத் தனி வழங்கி தேவை என்னும் எண்ணம் காலப்போக்கில் இயல்பாகிவிட்டது. எஸ்கியூலைட் அத்தரவுத்தளத்தை ஒரு நூலகமாகச் சுருக்கிப் பயன்பாட்டு நிரலுக்குள்ளேயே குடியேற்றியது. 2001இல் சொந்தச் சேமிப்பு அமைப்பும், 2004இல் யூ.டி.எஃப். குறியேற்ற ஆதரவுடன் மூன்றாம் பதிப்பும் வந்தன. மூலநிரலுக்குக் காப்புரிமை கோராமல் அதைப் பொதுவுடைமையாக்கியதும் அது கைப்பேசிகள், உலாவிகள் எங்கும் பரவ ஒரு காரணம்.

வழங்கி மறைந்ததால் சிக்கல் தீர்ந்தது. ஆனால் புதிய அண்டை உறவு ஒன்று உருவாயிற்று. வழங்கியும் பயன்பாட்டு நிரலும் தனித்தனி வீடுகளில் வாழ்ந்தவரை இருவருக்கும் தனித்தனி நினைவகம் இருந்தது. செய்திகள் மட்டுமே எல்லையைக் கடந்தன. உட்பொதி தரவுத்தளத்தில் இருவரும் ஒரே கூரையின்கீழ், ஒரே நினைவகத்தைப் பகிர்ந்து வாழ்கின்றனர். ஒருவர் வைத்த பொருளை மற்றவர் எடுக்கலாம். ஒருவர் அழித்த பொருளை மற்றவர் இன்னும் இருப்பதாக எண்ணிக் கைநீட்டவும் கூடும். எனவே ஒவ்வொரு துண்டு நினைவகத்திற்கும் உரியவர் யார், அது எதுவரை செல்லும் என்னும் கேள்வி இன்றியமையாததாகிறது.

எஸ்கியூலைட் எழுதப்பட்டது சி மொழியில். 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய இந்த அமைப்புநிலை மொழி, நினைவகத்தின் முகவரியைச் சுட்டி என்னும் வடிவில் நிரலாளரின் கையிலேயே தருகிறது. சுட்டி ஓர் இடத்தைக் காட்டும். அவ்விடம் யாருக்குச் சொந்தம், எப்போது காலியாகும் என்பதைக் காட்டாது.

இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். வினவலில் ஓர் உரையைப் பொருத்தும் 'பைண்ட் டெக்ஸ்ட்' செயற்கூறுக்கு ஐந்து உள்ளீடுகள் உண்டு. ஐந்தாவது உள்ளீடு உரிமையைப் பற்றியது. 'ஸ்டேட்டிக்' என்றால், உரை தேவைப்படும் வரை மாறாமல் இருக்கும் என்று நிரலாளர் உறுதியளிக்கிறார். 'டிரான்சியன்ட்' என்றால், எஸ்கியூலைட் தனக்கென ஒரு படி எடுத்துக்கொள்கிறது. முதலாவதைத் தந்துவிட்டு வினவல் ஓடுமுன் நிரலாளர் அந்நினைவகத்தை விடுவித்துவிட்டால், சி மொழியின் நிரல்பெயர்ப்பி அதைத் தடுப்பதில்லை. இரண்டாவது எடுத்துக்காட்டு 'காலம் டெக்ஸ்ட்'. விடையின் ஒரு புலத்திலுள்ள உரைக்கான சுட்டியை அது தரும். அடுத்த வரிசைக்கு நகர்ந்தவுடன் அச்சுட்டி செல்லாக்காசாகிவிடும். இவ்விதி ஆவணத்தில் தெளிவாக எழுதப்பட்டுள்ளது. ஆனால் ஆவணத்தில் மட்டுமே உள்ளது.

மொழியியலில் இதற்கு இணையான வேறுபாடு ஒன்று நெடுங்காலமாகப் பேசப்படுகிறது. மொழிகளுக்கிடையிலான முக்கிய வேறுபாடு அவை எதைச் சொல்ல இயலும் என்பதில் இல்லை, எதைச் சொல்லியே ஆகவேண்டும் என்று வற்புறுத்துகின்றன என்பதில் உள்ளது என ரோமன் யாக்கப்சன் 1959ஆம் ஆண்டுக் கட்டுரையில் வாதிட்டார். தமிழில் ஒருவரது வருகையை வினைமுற்றால் சொல்பவர் வந்தான், வந்தாள், வந்தார் என்பனவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ஆங்கில வினை அத்தேர்வைக் கோருவதில்லை. வேண்டுமானால் வேறு சொற்களால் உணர்த்தலாம். இந்தக் கண்ணாடி வழியே பார்த்தால், சி மொழியில் உரிமையும் ஆயுளும் விருப்பத்திற்குரிய செய்திகள். குறிப்புரையில் எழுதலாம், ஆவணத்தில் விளக்கலாம். இலக்கணம் அவற்றைக் கேட்பதில்லை.

இலக்கணம் காக்காத ஒப்பந்தத்தை எஸ்கியூலைட் குழுவினர் சோதனையால் காத்தனர். விமான மென்பொருளுக்கான டி.ஓ.-178பி தரநெறியைப் பின்பற்றி, 2009இல் மூலநிரலின் ஒவ்வொரு கிளையையும் தொடும் முழுமையான சோதனை நிலையை எட்டினர். 2023இல் வெளியான 3.42 பதிப்பின் கணக்குப்படி, நூலகத்தின் அளவைப்போல் ஏறத்தாழ 590 மடங்கு சோதனை நிரல்கள் இருந்தன. மென்பொருள் உலகில் இத்தகைய உழைப்பு அரிது. இருந்தும் 2018இல் டென்சென்ட் நிறுவனத்தின் பிளேட் ஆய்வுக்குழு மெகல்லன் எனப் பெயரிட்ட குறைபாடுகளை எஸ்கியூலைட்டின் முழுவுரைத் தேடல் பகுதியில் கண்டறிந்தது. குரோம் உலாவி வரை அதன் தாக்கம் சென்றது. சோதனை எவ்வளவு விரிந்தாலும் அது கேட்ட கேள்விகளுக்கே விடை தரும். மேலும், அச்சோதனைகள் நூலகத்தின் உட்புறத்தைத்தான் காத்தன. நூலகத்தை அழைக்கும் பிறருடைய நிரல்கள் ஒப்பந்தத்தை மதிக்கின்றனவா என்பதை அவற்றால் அறிய இயலாது.

இந்த இடைவெளியில்தான் ரஸ்ட் மொழி வருகிறது. கிரேடன் ஹோர் 2006இல் தம் சொந்த முயற்சியாகத் தொடங்கிய இம்மொழியை 2009 முதல் மொசில்லா ஆதரித்தது. 2015 மே 15 அன்று முதல் நிலையான பதிப்பு வெளியாயிற்று. ஒவ்வொரு மதிப்புக்கும் ஓர் உரிமையாளர் உண்டு; பிறர் அதைக் கடனாகப் பெறலாம்; கடன் உரிமையாளரின் ஆயுளைத் தாண்டி நீளக்கூடாது. இவ்விதிகளை ரஸ்ட்டின் நிரல்பெயர்ப்பி ஒவ்வொரு வரியிலும் சரிபார்க்கிறது. மீறிய நிரலை ஏற்க மறுக்கிறது. சி மொழியில் ஆவண உரைநடையாக இருந்த செய்தி இங்கே வினைமுற்றின் விகுதிபோல் கட்டாயமாகிறது.

ரஸ்ட்டின் நிலையான பதிப்பு வருமுன்னரே, 2014இல், ரஸ்கியூலைட் என்னும் இணைப்பு நூலகம் தொடங்கப்பட்டது. எஸ்கியூலைட்டின் சி மொழி இடைமுகத்தை ரஸ்ட்டின் இலக்கணத்திற்குள் பெயர்த்தெழுதும் முயற்சி அது. அதில் ஒரு கூற்று அதன் இணைப்பிலிருந்து கடன் பெறுகிறது. விடைவரிசைகள் கூற்றிலிருந்து கடன் பெறுகின்றன. ஒரு புலத்தின் உரை நடப்பு வரிசையிலிருந்து கடன் பெறுகிறது. ஆகவே, பழைய வரிசையின் உரையைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த வரிசைக்கு நகரும் நிரல் ஓடவே செய்யாது; எழுதும் மேசையிலேயே பிழை தெரிந்துவிடும். உரையைப் பொருத்தும்போது ரஸ்கியூலைட் பொதுவாகப் படியெடுக்கும் வழியையே தேர்கிறது. சிறிது வேகத்தை விலையாகக் கொடுத்து, ஐயத்திற்கு இடமில்லாத உரிமையை அது பெறுகிறது.

ஆயினும் பெயர்ப்பாளர் இல்லாமல் பெயர்ப்பு இல்லை. ரஸ்ட்டிலிருந்து சி மொழியை அழைக்கும் ஒவ்வோர் இடமும் 'அன்சேஃப்' என்னும் குறியீட்டுக்குள் நிற்க வேண்டும். அவ்விடங்களில் நிரல்பெயர்ப்பி தன் பொறுப்பை எழுதுபவரிடம் ஒப்படைத்துவிடுகிறது. 2020இல் ரஸ்ட் சமூகத்தின் பாதுகாப்பு அறிவிக்கை ரஸ்கியூலைட்டில் பல நினைவகக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது, 0.23 பதிப்பில் அவை திருத்தப்பட்டன. 2021இல் வந்த மற்றோர் அறிவிக்கை இன்னும் நுட்பமானது: எஸ்கியூலைட் பின்னர் அழைப்பதற்காகப் பதிவுசெய்யப்படும் செயற்கூறுகளின் ஆயுள் எல்லை தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது. நிரல்பெயர்ப்பி தனக்குச் சொல்லப்பட்ட விதியைச் சரியாகவே காத்தது. அந்த விதி சி மொழி ஆவணத்தின் பொருளைத் தவறாகப் பெயர்த்திருந்தது. சி மொழியில் எஸ்கியூலைட்டைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் சுமந்த கவனத்தை இங்கே ஒரு சிலர் அனைவருக்குமாகச் சுமக்கின்றனர். அவர்கள் ஓரிடத்தில் திருத்தினால் எல்லோருக்கும் திருத்தம் கிட்டுகிறது; அவர்கள் தவறினால் அத்தவறும் எல்லோருக்கும் உரியதாகிறது.

ரஸ்ட்டின் இலக்கணம் எட்டாத இன்னொரு பகுதியும் உண்டு. அது உள்ளே இருக்கும் எஸ்.கியூ.எல். மொழி. சி, ரஸ்ட் இரண்டுக்குமே வினவல் என்பது மேற்கோள் குறிகளுக்குள் அடைபட்ட எழுத்துத் தொடர். அயல்மொழி மேற்கோளின் உள்ளிலக்கணத்தை மேற்கோள் காட்டும் மொழி ஆராய்வதில்லை. இந்த ஊமைத்தன்மையின் ஆபத்து, வினவல்களுக்குள் தீய தொடர்களைச் செருகும் முறை 1998இல் பொதுவெளியில் விவரிக்கப்பட்டபோது வெளிப்பட்டது. மதிப்புகளைத் தொடருக்குள் ஒட்டாமல் தனியே பொருத்துவது அதற்கான மருந்து. 1970களின் ஐ.பி.எம். சிஸ்டம் ஆர் திட்டம் வேறு வழியில் சென்றது: நிரலுக்குள் எழுதப்பட்ட வினவல்களை ஒரு முன்செயலி முன்கூட்டியே பகுத்து ஆராய்ந்தது. இன்று ரஸ்ட்டின் எஸ்கியூஎல்எக்ஸ் நூலகம் நிரல்பெயர்ப்பின்போதே தரவுத்தளத்தைக் கேட்டு வினவலைச் சரிபார்ப்பது அப்பழைய எண்ணத்தின் மறுவருகை.

அப்போதும் தரவின் இனம் பற்றிய கேள்வி எஞ்சும். எண்ணுக்கென அறிவிக்கப்பட்ட புலத்தில் உரையையும் ஏற்கும் நெகிழ்ச்சி எஸ்கியூலைட்டின் பிறவிக்குணம். கண்டிப்பான அட்டவணைகள் 2021இல்தான் வந்தன, அவையும் விருப்பத்திற்குரியவை. எனவே எண்ணை எதிர்பார்த்த ரஸ்ட் நிரல் உரையைச் சந்திக்கும் பிழை, ஓடும்போதே வெளிப்படும்.

தமிழ்த் தரவுகளைக் கையாளும் ஆய்வாளருக்கு இவ்வெல்லை வெறும் கோட்பாடு அன்று. எஸ்கியூலைட் இயல்பாக உரைகளை அவற்றின் குறியெண் வரிசையில் அடுக்குகிறது. யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்து, பகரத்திற்கு முன்னரே நிற்கிறது. றகரம் ரகரத்தை ஒட்டி வருகிறது. ழகரமும் ளகரமும் வகரத்தை முந்துகின்றன. நெடுங்கணக்கில் இடையினத்தின் இறுதியில் ழ, ள வரும். அதன்பின் ற, ன என வரிசை முடியும். ஆகவே எஸ்கியூலைட்டில் வரிசைப்படுத்திய தமிழ்ச் சொற்பட்டியல் அகராதி வரிசையில் வராது. 'தமிழ்' என்னும் சொல்லின் நீளத்தைக் கேட்டால், குறில் உகரம்போல் ஒலியளவையோ எழுத்தையோ எண்ணாமல் குறியெண்களை எண்ணி ஐந்து என்று விடை தரும், எழுத்துகளோ மூன்று. இதைத் திருத்த நெடுங்கணக்கை அறிந்த ஒப்பீட்டுச் செயற்கூறு ஒன்றை எழுதி எஸ்கியூலைட்டிடம் பதிவுசெய்யலாம். சி, ரஸ்ட் இரண்டிலும் அதற்கு வழியுண்டு. அப்போது தரவுத்தளம் தான் வேண்டும்போதெல்லாம் அச்செயற்கூறை அழைக்கும். 2021ஆம் ஆண்டு அறிவிக்கை பேசிய எல்லையின் வகையே இதுவும். தரவுத்தளத்திடம் ஒப்படைத்த செயற்கூறு எத்தனை காலம் உயிரோடிருக்க வேண்டும் என்பதைத் தமிழ் அகரவரிசை வேண்டுபவரும் கேட்டாக வேண்டும்.

எஸ்கியூலைட் இன்னும் சி மொழியிலேயே உள்ளது. வேகம், எல்லா மொழிகளிலிருந்தும் அழைக்க இயலும் தன்மை, பிற நூலகங்களைச் சாராமை, மொழியின் நிலைத்தன்மை ஆகியவற்றை அதன் ஆசிரியர்கள் காரணங்களாகக் கூறுகின்றனர். ரஸ்ட்டுக்கு மாறுவதற்கு முன் நிறைவேற வேண்டிய நிபந்தனைகளையும் வெளிப்படையாக எழுதியுள்ளனர். நினைவகம் தீர்ந்த நிலையிலிருந்து மீளும் வசதியும் முழுமையான கிளைச் சோதனைக்கான கருவிகளும் அவற்றுள் அடங்கும். 2024இல் டர்சோ நிறுவனம் லிம்போ என்னும் பெயரில் அதை ரஸ்ட்டில் முழுதாக மறுபடி எழுதும் முயற்சியை அறிவித்தது. இரு தரப்பையும் பழமை, புதுமை என்று எளிதாகப் பிரித்துவிட முடியாது. கால் நூற்றாண்டாகச் சோதித்துச் சேர்த்த நம்பிக்கை ஒருபுறம். இலக்கணமே வற்புறுத்தும் நம்பிக்கை மறுபுறம்.

ஒரு மொழியில் வழக்காக இருந்தது மற்றொரு மொழியில் இலக்கணக் கட்டாயமாக மாறும் நிகழ்வை இயற்கை மொழிகளில் காண நூற்றாண்டுகள் தேவைப்படுகின்றன. இங்கே அது பத்தே ஆண்டுகளில், தேதியிட்ட பதிப்புகளாகவும் திருத்தக் குறிப்புகளாகவும் பாதுகாப்பு அறிவிக்கைகளாகவும் முழுமையாகப் பதிவாகியுள்ளது. அப்பதிவுகளைப் பொறியாளர்கள் பிழை தேடப் படிக்கின்றனர். ஒப்பந்தம் எப்போது, யாருடைய கையால், எவ்வளவு பிழையுடன் விதியாக மாறியது என்பதை அறிய மொழியியலாளரும் வரலாற்றாசிரியரும் அவற்றைப் படிக்க வேண்டும்.